குடிலுக்கு ஆளுயரப் பொம்மைகள்: ஒருத்தர்கூட குழந்தையைப் பார்க்க மாட்டேன் என்கிறார்கள்

ஊசிநூல்

எல்லாருக்கும் வணக்கம். ஓர் அருங்காட்சியகத்துக்கு கிறிஸ்து பிறப்புக் குடில் அமைக்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. சின்னச் சொரூபங்கள் இல்லை, ஆளுயர உருவங்கள். மரியாள், யோசேப்பு, இடையர் இருவர், ஞானிகள் மூவர், தீவனத் தொட்டியில் குழந்தை. ஆடு மாடு கழுதை எல்லாம் வேறொருவர் பொறுப்பு, நல்லவேளை. மேடை நாடகத்துக்கு உடை தைத்துப் பழக்கம் உண்டு. அருங்காட்சியகத்துக்குச் செய்வது இதுதான் முதல் தடவை.

கொடுத்திருப்பது துணிக்கடைகளில் நிற்குமே, அந்த ஃபைபர் கிளாஸ் பொம்மைகள் ஏழு. நேற்று ஏழையும் அரைவட்டமாக நிறுத்தி, வீட்டிலிருந்த பழைய போர்வைகளைப் போர்த்திப் பார்த்தேன். குடில் மாதிரியே இல்லை. பேருந்துக்குக் காத்திருக்கிற கூட்டம் மாதிரி இருக்கிறது. ஒவ்வொன்றும் தாடையைத் தூக்கி எங்கோ தூரத்தைப் பார்க்கிறது. நடுவில் தொட்டியில் கிடக்கிற குழந்தையை ஒருத்தர்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இன்னொரு கூத்து. பெண் பொம்மையின் பாதம் குதிகால் செருப்புக்காக வார்த்தது. வெறுங்காலோடு நிறுத்தினால் மரியாள் நுனிக்காலில் நிற்கிறார்.

மூன்று கேள்விகள். இவற்றை முழங்காலிட வைக்க முடியுமா? எந்தக் காலத்து உடை போடுவது? முகத்தை என்ன செய்வது? பத்து வாரம் இருக்கிறது.

மரப்பாச்சி

கடைப் பொம்மையின் வேலையே அதுதானே. துணியைப் பார், என்னைப் பார்க்காதே என்று நிற்க வேண்டும். அதனால்தான் அந்த அலட்சியப் பார்வை. அதை மாற்றாமல் எந்த உடையைப் போட்டாலும் மாறுவேடப் போட்டியாகத்தான் தெரியும்.

கழுத்திலிருந்து தொடங்குங்கள். தலை தனியாகக் கழலுகிற வகையா, ஒரே வார்ப்பா? கழலும் என்றால் இணைப்பில் ஓர் ஆப்பு வைத்து முன்னால் சாய்க்கலாம். ஒரே வார்ப்பு என்றால் அறுத்துத்தான் ஆக வேண்டும். அறுக்கும்போது முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். ஃபைபர் கிளாஸ் தூள் தோலில் பட்டால் ரெண்டு நாள் சொறிய வேண்டியிருக்கும், மூச்சில் போனால் இன்னும் மோசம்.

தலையை மட்டும் குனிய வைத்தால் போதாது. மனிதன் கீழே பார்க்கும்போது தலை கொஞ்சம், மேல்முதுகு கொஞ்சம், இடுப்பு கொஞ்சம் என்று பங்குபோட்டுக் குனிகிறான். கழுத்து மட்டும் மடங்கினால் தூங்கி விழுகிற மாதிரி இருக்கும். பொம்மையின் மேல்முதுகில், தோள்பட்டைக்கு நடுவில், ரெண்டு விரல் கனத்துக்குத் திண்டு வைத்துத் தைத்துப் பாருங்கள். அதற்குமேல் துணி விழும்போது முதுகு தானாக வளைந்த மாதிரி காட்டும். அறுக்காமலே பாதி வேலை முடிந்துவிடும்.

முழங்காலிடுவதற்கு காலை வெட்டி ஒட்டப் போகாதீர்கள். நான் பட்டிருக்கிறேன். இடுப்புக்கு மேலே பொம்மையை வைத்துக்கொண்டு, கீழே ஒரு சட்டம் அடித்துக் கொள்ளுங்கள். அங்கி மூடிவிடும், கால் யாருக்குத் தெரியப் போகிறது? அளவு மட்டும் பிசகக் கூடாது. 165 செ.மீ. உயரமுள்ள ஆள் நிமிர்ந்து முழங்காலிட்டால் உச்சந்தலை ஏறத்தாழ 120 செ.மீ.யில் இருக்கும். குதிகாலில் உட்கார்ந்துவிட்டால் இன்னும் ஒரு சாண் இறங்கும். பின்னால் அங்கிக்கு அடியில் ரெண்டு உள்ளங்கால் எட்டிப் பார்க்கட்டும். அதை மட்டும் காகிதக்கூழில் செய்தால் போதும். உள்ளங்கால் தெரிந்தால் மிச்சக் காலைப் பார்க்கிறவரே கற்பனை செய்துகொள்வார்.

பழஞ்சுவடி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். “எந்தக் காலத்து உடை” என்பதற்கு முன்னால் “யாருடைய குடில்” என்று முடிவு செய்யுங்கள். ரெண்டும் வேறு.

முதல் நூற்றாண்டு யூதேயாவைக் காட்டப் போகிறீர்கள் என்றால் நல்ல ஆதாரம் இருக்கிறது. சாக்கடலை ஒட்டிய வறண்ட குகைகளில் துணி மக்காமல் கிடைத்திருக்கிறது. 1960, 61-இல் இஸ்ரேலியத் தொல்லியலாளர் யிகேல் யாதின் தோண்டிய ‘கடிதங்களின் குகை’யும், 1963 முதல் 65 வரை தோண்டிய மசாதா கோட்டையும் முக்கியம். குகைத் துணிகள் ரோமருக்கு எதிராக யூதர்கள் நடத்திய கி.பி. 132-135 கலகக் காலத்தைச் சேர்ந்தவை, அதாவது நூறு வருடத்துக்கு மேல் பிந்தியவை. ஆனால் உடையின் அமைப்பு அவ்வளவு வேகமாக மாறுகிற காலம் இல்லை அது.

அதில் தெரிவது: உள்ளங்கி என்பது ரெண்டு செவ்வகத் துண்டு. தோளில் சேர்த்துத் தைத்து, தலை நுழைய நடுவில் இடம் விட்டிருக்கும். தோளிலிருந்து கீழ்வரை இரண்டு நிறப்பட்டைகள் நெசவிலேயே ஓடும். அதற்குமேல் ஒரு பெரிய செவ்வகப் போர்வை, தைக்காதது. துணி பெரும்பாலும் கம்பளி. பஞ்சடைத்த தலையணை உறை மாதிரி அங்கியும், இடுப்பில் திரைச்சீலைக் கயிறும் கட்டுகிற பள்ளி நாடக வழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

நிறமும் நாம் நினைக்கிற மாதிரி ஒரே பழுப்பு கிடையாது. மஞ்சிட்டி வகைச் செடியின் வேரிலிருந்து சிவப்பு, அவுரி நீலம், குங்குமப்பூ மஞ்சள் எல்லாம் அந்தக் குகையில் உண்டு. கடற்சங்கிலிருந்து எடுக்கிற அசல் ஊதா கொள்ளை விலை என்பதால், நீலத்தோடு பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பைக் கலந்து போலி ஊதா செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே!

ஒரு விஷயம், யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆனாலும் சொல்கிறேன். கம்பளியையும் லினனையும் ஒரே உடையில் கலக்கக் கூடாது என்பது மோசேயின் சட்டம், உபாகமம் 22:11. யோசேப்பின் கம்பளிப் போர்வைக்கு லினனில் உள்துணி வைத்துத் தைத்துவிடாதீர்கள்.

கத்தரிக்கோல்

அய்யா சொல்வது சரி. ஆனால் பார்க்க வருகிறவர் மரியாளை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்? நீலப் போர்வை இல்லையென்றால் “இது யாரு?” என்றுதான் கேட்பார்கள். வாசலிலேயே குழப்பம்.

பழஞ்சுவடி

குழந்தைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருக்கிற பெண் யார் என்று கேட்கிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. :)

நீலம் மரியாளோடு ஒட்டிக்கொண்டது ஐரோப்பிய ஓவியத்தில். ஆப்கானிஸ்தானின் பதக்ஷானிலிருந்து வந்த நீலக்கல்லை அரைத்த சாயம் தங்கத்துக்கு நிகரான விலை, அதனால் அன்னைக்கு ஒதுக்கினார்கள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையின் படங்களில் அவர் போர்த்தியிருப்பது பெரும்பாலும் கருஞ்சிவப்போ ஊதாவோ. நீலம் தவறு என்று சொல்லவில்லை. அவுரி நீலம் அன்றும் இருந்தது. மிட்டாய் நீலத்தில் பளபளக்கும் சாட்டின் வேண்டாம், துவைத்துத் துவைத்து மங்கிய நீலக் கம்பளியாக இருக்கட்டும். உங்கள் கவலையும் தீரும், என் கவலையும் தீரும்.

ஞானிகள் விஷயம்தான் சிக்கல். மத்தேயு தன் நற்செய்தியில் எத்தனை பேர் என்றே சொல்லவில்லை. காணிக்கை மூன்று, அதை வைத்து ஆள் மூன்று. அவர்கள் வந்தது கொட்டிலுக்கும் இல்லை, வீட்டுக்கு. தீவனத் தொட்டி லூக்காவில்தான் வருகிறது. மாடும் கழுதையும் ரெண்டிலும் இல்லை, ஏசாயா 1:3-ஐ வைத்துப் பின்னால் வந்து சேர்ந்தவை. ஆக, எந்தக் குடிலும் ரெண்டு கதையைச் சேர்த்துத் தைத்த ஒட்டுப்போட்ட துணிதான். இத்தாலியின் ராவென்னாவில் ஆறாம் நூற்றாண்டு மொசைக்கில் மூவரும் பாரசீகக் காற்சட்டை, முன்னால் மடங்கிய கூம்புத் தொப்பி போட்டு வேகமாக நடந்து வருகிறார்கள். தலைக்குமேல் பெயரும் உண்டு. மகுடம் சூட்டிய அரசர்களாக ஆனது அப்புறம்தான். காற்சட்டை போட்ட ஞானிகளைச் செய்தால் பார்க்கிறவர் ஒரு நிமிடம் நிற்பார்.

அந்துருண்டை

(பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நான் துணிப் பாதுகாப்பு வேலை பார்க்கிறவன். அந்துருண்டையை நாங்கள் தொடுவதே இல்லை.)

யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். குடில் எந்தக் கூடத்தில் வைக்கப் போகிறீர்கள்? பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் என்ன இருக்கிறது? உங்கள் உடைகள் புதியவை, அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் பொம்மைக்குள் இருக்கிற ஃபோம், பசை, பெயின்ட் எல்லாம் ஆவியாகி, பக்கத்தில் உள்ள வெள்ளிப் பொருளைக் கறுப்பாக்கும், ஈயத்தை வெள்ளையாக அரிக்கும். அதுதான் பிரச்சினை.

சுருக்கமாக: மஞ்சளாகிப் பொடிந்து போகிற பாலியூரித்தேன் ஃபோம் வேண்டாம். பி.வி.சி. வேண்டாம். கம்பளி ஃபெல்ட்டில் கந்தகம் உண்டு, மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். மரச்சட்டம் அமில ஆவி விடும். அலுமினியச் சட்டம் அடித்தால் நிம்மதி. திண்டு வைக்க பாலியெத்திலீன் ஃபோமும் பாலியெஸ்டர் பஞ்சும் போதும். மேலே சாயம் போடாத காடா துணி, கஞ்சி போக ரெண்டு தடவை வெந்நீரில் அலசியது.

சந்தேகமான பொருள் எதையாவது விட மனமில்லையென்றால் ஆடி சோதனை செய்யச் சொல்லுங்கள். ஆண்ட்ரூ ஆடி 1973-இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் தொடங்கியது. பொருளின் ஒரு துண்டை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு, துளி ஈரம் சேர்த்து மூடி, 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைப்பார்கள். தகடு கறுத்தாலோ அரித்தாலோ அந்தப் பொருளுக்கு வாசலிலேயே கும்பிடு. பத்து வாரத்தில் நாலு வாரம் இதற்கே போய்விடும், அதனால் முதல் நாளே கொடுக்க வேண்டும்.

அப்புறம், வைக்கோல். வைக்கோல் போடப் போகிறீர்களா?

ஊசிநூல்

ஐயோ. வைக்கோல் இல்லாமல் எப்படிச் சார் குடில்?

பெட்டி இல்லை, திறந்த மேடைதான். ஆனால் அதே கூடத்தில் பழைய பட்டு உடைகள் மூன்று பெட்டிகளில் இருக்கின்றன.

அந்துருண்டை

அப்படியானால் இன்னும் கவனம். வைக்கோலும் இடையருக்கான ஆட்டுத்தோலும் பூச்சி சவாரி செய்து வருகிற வாகனங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு விழாக் காட்சிக்கு ஆட்டுத்தோல் கொண்டுவந்து ஒரு மாதம் வைத்தார்கள். அடுத்த வருடம் முழுக்க நான் அந்துப்பூச்சிப் பொறியில் எண்ணிக்கை எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோலை வாங்கியவர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, தப்பு என்னுடையது மாதிரி.

வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாலித்தீன் பையில் காற்றை எடுத்துக் கட்டி உறைபெட்டியில் வையுங்கள். மைனஸ் 30 டிகிரி என்றால் மூன்று நாள், வீட்டு உறைபெட்டி மாதிரி மைனஸ் 18 என்றால் ரெண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறைச்சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் ஈரம் கோர்த்துப் பூஞ்சை பிடிக்கும். உடைக்கான கம்பளித் துணிக்கும் இதே வைத்தியம்தான்.

கத்தரிக்கோல்

தையல்காரியாக என் பங்கு.

துணியின் கனம்தான் எல்லாம். கடைப் பொம்மை மூச்சு விடாது, அசையாது. அதனால் துணி தானாகக் கீழே இழுக்க வேண்டும். மெல்லிய துணி போட்டால் காற்றில் நிற்கிற மாதிரி விறைத்து நிற்கும். ஓரத்தில் மெல்லிய சங்கிலியை உள்ளே விட்டு மடித்துத் தைத்தால் கீழ்வரிசை ஒழுங்காக விழும். துருப்பிடிக்காத சங்கிலியாக இருக்கட்டும், இல்லையென்றால் அந்துருண்டை சார் வந்துவிடுவார்.

மடிப்பை இஸ்திரிப் பெட்டியால் உண்டாக்காதீர்கள். உடுத்திய துணியில் கோடு நேராக இருக்காது. பொம்மைமேல் போர்த்திவிட்டு, தெளிப்பானில் தண்ணீர் லேசாகத் தெளித்து, கையால் மடிப்பைப் பிடித்துவிட்டு, அடியில் பஞ்சு உருளைகளைச் செருகி ஒரு ராத்திரி விடுங்கள். காய்ந்ததும் அப்படியே நிற்கும். நிற்காத இடத்தில் மட்டும் உள்பக்கம் ரெண்டு ஓட்டுத்தையல். குண்டூசி வைத்து விட்டுவிடுவது எனக்குப் பிடிக்காது. துருக்கறை விழும், பிள்ளைகள் வேறு தொட்டுப் பார்ப்பார்கள்.

முழங்காலிட்ட உருவத்துக்கு அங்கியை நின்ற அளவில் தைக்காதீர்கள். முழங்காலுக்குமேல் இழுத்துப் பிடித்து, பின்னால் குவிந்து கிடக்கும். நின்ற அளவுக்கு மேல் ஒரு முழம் கூடுதல் வேண்டும். நீங்களே ஒரு தடவை தரையில் உட்கார்ந்து பாருங்கள், துணி எங்கே சேர்கிறது என்று தெரியும்.

சும்மா_வந்தவள்

எனக்குத் தொழில் தெரியாது, பார்வையாளர் கட்சி. ஒரு வேண்டுகோள், முகத்துக்கு வண்ணம் பூசி, கண்ணிமை ஒட்டி, விக் மாட்டிவிடாதீர்கள் அக்கா. ராத்திரி கனவில் வரும்.

மரப்பாச்சி

இதில் நான் மாற்றுக் கருத்து. முகமே இல்லாத முட்டைத் தலை வைத்தால் அது உடைக் காட்சி ஆகிவிடும், குடில் ஆகாது. இத்தாலியின் நேப்பிள்ஸ்காரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் குடில் பொம்மைகளை எப்படிச் செய்தார்கள் பாருங்கள். தலை சுடுமண், கண் கண்ணாடி, கையும் காலும் மரம். நடுவில் உடம்பு வெறும் கம்பியும் நாரும். ஏன்? எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைக்கத்தான். உடம்பு வளைந்து கொடுத்ததால் ஒருவன் குனிகிறான், இன்னொருத்தி கூடையோடு திரும்புகிறாள், வானதூதர் அந்தரத்தில் சுழல்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி வைக்கிறார்களே, 1964-இலிருந்து லொரெட்டா ஹைன்ஸ் ஹோவர்ட் நன்கொடையாகக் கொடுத்த உருவங்கள், அவை இந்த வகை. நேப்பிள்ஸிலேயே சான் மர்த்தீனோ மடத்தில் 1879-இல் திறந்த குச்சினியெல்லோ குடில் இன்னும் பெரிது. எல்லாம் சின்ன உருவங்கள்தான், ஆனாலும் பக்கத்தில் போனால் பேச்சுச் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும்.

சும்மா_வந்தவள்

சின்னதாக இருந்தால் அழகுதான் அண்ணா. அதுவே ஆளுயரத்தில் கண்ணாடிக் கண்ணோடு நின்றால்?

மரப்பாச்சி

ம். அது நியாயமான கேள்வி. யோசிக்கிறேன்.

வெளிச்சப்பொட்டு

நடுவழி ஒன்று இருக்கிறது. முகத்தின் மேடுபள்ளம் இருக்கட்டும், வண்ணம் வேண்டாம். முழுத் தலையையும் காகிதக்கூழில் மூடி, தோல்நிறமும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் மண்நிறத்தில் மட்டமாக ஒரே பூச்சு, பளபளப்பு கூடாது. தலை குனிந்திருந்தால் புருவத்தின் நிழல் கண்குழியில் விழும். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாது. குழந்தையைப் பார்க்கிறார் என்று பார்வையாளரே நினைத்துக்கொள்வார்.

அந்த நிழல் வர மேலிருந்து விளக்கு வேண்டும், முன்னாலிருந்து அடிக்கக் கூடாது. பட்டு உடைகள் இருக்கிற கூடம் என்பதால் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அளவு) மேல் அருங்காட்சியகத்தார் விடமாட்டார்கள். விடவும் கூடாது. அதனால் பிரகாசத்தை நம்பாதீர்கள், வித்தியாசத்தை நம்புங்கள். சுற்றிலும் நன்றாக மங்கலாக்கிவிட்டு, தொட்டியின் உள்விளிம்பில் சின்ன எல்.இ.டி. பட்டை ஒன்று. சூடு வராத வகை, மின்மாற்றி மேடைக்கு வெளியே. குனிந்த முகங்களின் தாடையில் கீழிருந்து லேசாக வெளிச்சம் ஏறினால் போதும். கூட்டினால் பேய்ப்பட முகம் ஆகிவிடும், கையில் மங்கலாக்கியை வைத்துக்கொண்டு நின்று பாருங்கள்.

ஊசிநூல்

நாலு வாரம் ஆகிறது. நிலவரம்.

யூதேயாதான் என்று முடிவாகிவிட்டது. பழஞ்சுவடி ஐயாவின் ரெண்டு செவ்வகம் என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டது. கைக்குழி இல்லை, தோள்வெட்டு இல்லை. நிறப்பட்டையை நெய்ய வழியில்லை, தனித்துணியை வெட்டித் தைத்தேன். மூன்றடி தள்ளி நின்றால் தெரியாது.

யோசேப்பின் கழுத்தை அறுத்தோம். முதல் சாய்ப்பு தப்பு, மரப்பாச்சி அண்ணன் சொன்ன அதே தூக்கக் கலக்கம். முதுகுத் திண்டு வைத்ததும் மாறிவிட்டது. நம்பவே முடியவில்லை. அதே பொம்மை, அதே போர்வை. முந்தின நாள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஆள், இப்போது ராத்திரி முழுக்கக் கண்விழித்த மனுஷன்.

மரியாளை குதிகாலில் உட்கார வைத்திருக்கிறேன். அலுமினியச் சட்டம், உள்ளங்கால் ரெண்டும் காகிதக்கூழ். உள்ளங்காலில் மடிப்புக்கோடு போடுவதற்கே ஒரு சாயங்காலம் போனது. முகம் வெளிச்சப்பொட்டு சொன்ன மாதிரி.

சிக்கல் கைகளில். கடைப் பொம்மையின் விரல்கள் நீள நீளமாக, மோதிர விளம்பரம் மாதிரி நிற்கின்றன. இடையன் கையில் கோலைக் கொடுத்தால் பூங்கொத்து பிடித்த மாதிரி இருக்கிறது.

மரப்பாச்சி

அந்தக் கைகளைக் கழற்றிப் போட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் உழைத்த கை யாருக்கு இருக்கிறது? அவரைக் கோலைப் பிடிக்கச் சொல்லி, பல்மருத்துவர் பயன்படுத்துகிற ஆல்ஜினேட் பசையில் அச்சு எடுத்து, பிளாஸ்டர் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் இறுகிவிடும். தோலில் நேராக பிளாஸ்டரை மட்டும் வைக்காதீர்கள், இறுகும்போது சூடாகிக் காயப்படுத்தும்.

அப்படியும் எல்லாக் கையும் செய்ய வேண்டாம். யோசேப்பின் ஒரு கை போர்வைக்குள் இருக்கலாம். காணிக்கை ஏந்துகிற ஞானிகளின் கைகளைத் துணியால் மூடிவிடலாம். பெரியவர்களுக்குக் காணிக்கை தரும்போது கையைத் துணியால் மூடிக்கொள்வது பழைய கிழக்கத்தி மரியாதை. ராவென்னா மொசைக்கிலும் பார்க்கலாம். ஆறு கை செய்கிற வேலை மிச்சம்.

பழஞ்சுவடி

மரப்பாச்சி என் வேலையையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சும்மா_வந்தவள்

குழந்தையைப் பற்றி யாருமே பேசவில்லையே?

ஊசிநூல்

குழந்தைதான் இருப்பதிலேயே சுலபம். லூக்கா துணியில் சுற்றிக் கிடத்தினார்கள் என்கிறார், நானும் அதையே செய்தேன். கடைப் பொம்மைக் குழந்தைகள் ஆறு மாதப் பிள்ளை அளவில் கைகாலை ஆட்டிச் சிரிக்கின்றன, அது வேண்டாம் என்று வைத்துவிட்டேன். 50 செ.மீ. நீளத்துக்குப் பஞ்சு உருளை, மேலே லினன் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக. முகம் மட்டும், அதுவும் பாதி. ஒன்றரைக் கிலோ மணல்பை உள்ளே இருக்கிறது. கனம் இல்லையென்றால் தொட்டியில் மிதக்கிற மாதிரி தெரிகிறது. தொட்டியை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்திருக்கிறேன், அஞ்சு வயதுப் பிள்ளைக்கும் எட்டிப் பார்க்காமல் தெரியும்.

அந்துருண்டை

மணலைக் கழுவி, அடுப்பில் காய வைத்தீர்களா?

ஊசிநூல்

வைத்தேன் சார். :)

ஊசிநூல்

கடைசி நிலவரம். நேற்று மேடை ஏற்றியாகிவிட்டது. 48 லக்ஸ். வைக்கோல் ரெண்டு வாரம் உறைபெட்டியில் இருந்து வந்தது. ஒன்பதாவது வாரத்தில் முடித்துவிட்டோம் என்று பெருமைப்படுகிற நேரத்தில் ஒரு சறுக்கல்: மூன்றாவது ஞானியின் கழுத்து இணைப்பு நகர்ந்து, தலை பின்பக்கமாக வாசலைப் பார்க்கத் திரும்பிவிட்டது. பசை இறுகிவிட்டது, இனி அறுத்தால் பூச்சு போய்விடும். ஆறு பேர் குழந்தையைப் பார்க்கிறார்கள், ஒருவர் மட்டும் போகிற வழியைப் பார்க்கிறார்.

பழஞ்சுவடி

தொடாதீர்கள். அப்படியே விடுங்கள். இடைக்கால ஐரோப்பியச் சிற்பங்களில் முதல் அரசர் முழங்காலிட்டிருப்பார், நடுவிலிருப்பவர் பின்னால் வருகிறவரைத் திரும்பிப் பார்த்து நட்சத்திரத்தைச் சுட்டிக் காட்டுவார். உங்கள் ஞானியை நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, மூடாத ஒரு கையை மேலே தூக்கி வையுங்கள். யாராவது கேட்டால் மரபு என்று சொல்லிவிடலாம்.

ஊசிநூல்

மாற்றி வைத்துவிட்டேன் ஐயா. இடையனுக்கு எடுத்த அச்சில் மிச்சமிருந்த வலது கை பொருந்திவிட்டது. காவலாளி வந்து பார்த்துவிட்டு, “இவர் யாரைக் கூப்பிடுகிறார், ஒட்டகத்தையா?” என்று கேட்டார்.

சும்மா_வந்தவள்

ஒட்டகம் எங்கே அக்கா?

ஊசிநூல்

அது வேறொருவர் பொறுப்பு.